ஆளுக்கு ஏத்த கருவி, ஆட்டத்துக்கு ஏத்த நியாயம்

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைப் பத்திச் சொல்ல பெருசா ஒண்ணும் இல்லை. பத்தாவது வரைக்கும் படிச்சேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து பதினஞ்சு வருஷமாச்சு. வீட்டு வேலை, ரெண்டு மாடு, சீசன் நேரத்துல கம்பெனியில இருந்து பீஸ் வாங்கிட்டு வந்து பிசிறு வெட்டறது, இதுதான் என் பொழப்பு. போன வருஷம் சேமிப்பைப் பத்திப் பேசச் சொன்னாங்க, பேசினேன். இந்த வருஷம் நானே கேட்டு வாங்கின தலைப்பு இது. மாற்றுத்திறனாளிகள் விளையாட்டுல நியாயம்னா என்ன, அவங்க பயன்படுத்தற கருவிக்கு அதுல என்ன இடம்.

"நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"னு சில பேர் நினைக்கலாம். சம்பந்தம் இருக்குதுங்க. நம்ம கூட்டமைப்புல மாற்றுத்திறனாளிகள் சிறப்புக் குழு ஒண்ணு இருக்கு. வருஷா வருஷம் ஆண்டு விழா விளையாட்டுல நாம மியூசிக்கல் சேர் ஓடறோம், ஸ்பூன்ல எலுமிச்சம்பழம் வெச்சு நடக்கறோம், கயிறு இழுக்கறோம். அந்தக் குழு அக்காங்க சுவத்தோரமா உக்காந்து நமக்குக் கை தட்டறாங்க. கடைசியில அவங்க எல்லாரையும் வரிசையா கூப்பிட்டு ஆளுக்கொரு டிபன் பாக்ஸ் குடுக்கறோம். ஆடாத ஆட்டத்துக்குப் பரிசு. குடுக்கற நமக்கு மனசு நிறையுது. வாங்கற அவங்களுக்கு என்ன நிறையுதுன்னு நாம கேட்டதில்லை.

நியாயம்ங்கற வார்த்தையை முதல்ல நம்ம ஊர் வேலையை வெச்சே பாத்துடலாம். இங்க பாதிப் பேர் தையல் மிஷின்ல உக்காந்தவங்கதான். சிறப்புக் குழுவுல ஒரு அக்கா ஓவர்லாக் டெய்லர். அவங்களுக்கு வலது கால் போலியோவுல போனது. மிஷின்ல மிதி வலது பக்கம்தானே இருக்கும்? மெக்கானிக் அரை மணி நேரத்துல அதை இடது பக்கம் மாத்திக் குடுத்துட்டார். அன்னைக்கிருந்து அந்த அக்கா மத்தவங்க அடிக்கற டஜனை அடிக்கறாங்க, அதே பீஸ் ரேட்டை வாங்கறாங்க. "இவங்களுக்கு மட்டும் தனி மிதியா, இது அநியாயம்"னு லைன்ல ஒருத்தரும் சொல்லலை. ஏன்னா மிதி தைக்காது, அந்த அக்காதான் தைக்கறாங்க.

அதே அக்கா மிஷின்ல மட்டும் பெரிய புல்லி போட்டு ஸ்பீடை ஏத்திவிட்டிருந்தா? அப்ப லைன்ல பேச்சு வந்திருக்கும். வர்றதும் நியாயம்தான். ஆக, ஒரு கருவி ரெண்டு வேலை செய்யலாம். ஒண்ணு, இல்லாததை ஈடுகட்டறது. இன்னொண்ணு, மத்தவங்களுக்கு இல்லாத வேகத்தைக் குடுக்கறது. மிதி முதல் வகை, புல்லி ரெண்டாம் வகை. உலகம் பூரா மாற்றுத்திறனாளிகள் விளையாட்டுல நடக்கற வாதம் எல்லாம் இந்த மிதிக்கும் புல்லிக்கும் நடுவுல நடக்கறதுதான். இந்த ரெண்டையும் மனசுல வெச்சுக்கிட்டா நான் சொல்லப் போறது எல்லாம் சுலபமா புரியும்.

நம்ம பக்கத்து மாவட்டத்துக்காரரையே எடுத்துக்கலாம். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு. அஞ்சு வயசுல பள்ளிக்கூடம் போற வழியில பஸ் ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழ நசுங்கிப் போச்சு. அம்மா சரோஜா காய்கறி வித்துப் பிள்ளைகளை வளர்த்தவங்க. மகன் வைத்தியத்துக்கு 3 லட்சம் கடன் வாங்கினாங்க. பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி ஆசிரியர்தான் அந்தப் பையனை உயரம் தாண்டச் சொல்லி ஊக்கப்படுத்தினவர். 14 வயசுல, ரெண்டு காலும் நல்லா இருக்கற பசங்களோட போட்டி போட்டு ரெண்டாவதா வந்தார். 2016-ல ரியோ பாராலிம்பிக்ல 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். அப்புறம் டோக்கியோவுல 1.86 மீட்டருக்கு வெள்ளி, 2024-ல பாரிஸ்ல 1.85 மீட்டருக்கு வெண்கலம். தொடர்ந்து மூணு பாராலிம்பிக்ல பதக்கம்.

இவர் செயற்கைக் கால் எதுவும் போடாம தாண்டறவர். ஆனா இவரோட ஒரே போட்டியில நிக்கற சில வெளிநாட்டுப் பிள்ளைங்க முழங்காலுக்கு மேலயே கால் போனவங்க. அவங்க 'பிளேடு'னு சொல்ற கார்பன் காலை மாட்டிட்டு ஓடி வர்றாங்க. வளைஞ்ச அருவா மாதிரி இருக்கும், டிவியில பாத்திருப்பீங்க. செயற்கைக் கால் போடறவங்களுக்கு 2018-ல இருந்து தனிப் பிரிவு எண் குடுத்திருக்காங்க. மாரியப்பன் இருக்கறது டி-42, பிளேடு போடற அந்தப் பிள்ளைங்க டி-63. ஆனா பாராலிம்பிக்ல உயரம் தாண்டறப்ப ரெண்டு பிரிவையும் சேர்த்து ஒரே போட்டியா நடத்தறாங்க.

"பிளேடு போட்டவனோட போடாதவன் மோதறது நியாயமா?"னு எங்க வீட்டுலயே பெரிய வாக்குவாதம் நடந்துச்சு. நான் போன்ல தேடித் தேடிப் பாத்து நோட்டுல எழுதி வெச்சேன். 2024 மே மாசம் ஜப்பான்ல கோபே ஊர்ல உலகப் போட்டி. அங்க மாரியப்பன் 1.88 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். பிளேடு போட்ட அமெரிக்கப் பையன் எஸ்ரா ஃபிரெச் அவருக்குப் பின்னாடிதான் வந்தார். நாலு மாசம் கழிச்சு செப்டம்பர்ல பாரிஸ். அங்க அதே எஸ்ரா ஃபிரெச் 1.94 மீட்டர் தாண்டித் தங்கம். பீகார்க்காரர் சரத் குமார் 1.88 மீட்டரோட வெள்ளி. அவரும் பிளேடு போடாதவர்தான். நம்ம மாரியப்பன் வெண்கலம். ஒரு தடவை பிளேடு இல்லாதவர் ஜெயிச்சார், இன்னொரு தடவை பிளேடு போட்டவர் ஜெயிச்சார். அதனால "பிளேடுதான் ஜெயிச்சது"ன்னு நாம கண்ணை மூடிட்டுச் சொல்ல முடியாது. முழங்காலே இல்லாம கார்பன் கால்ல ஓடி வர்றது ஒரு கஷ்டம். பாதிச்ச காலை வெச்சுக்கிட்டு ஓடி வர்றது வேற ஒரு கஷ்டம். ரெண்டையும் ஒரே தராசுல வெக்கறது சுலபமில்லை.

டோக்கியோவுல நடந்ததையும் சொல்லணும். அன்னைக்கு நல்ல மழை. பாதிச்ச காலுல போட்டிருந்த சாக்ஸ் மழையில நனைஞ்சு ஊறிப்போய்த் தாண்டறதுக்கு இடைஞ்சலா இருந்துச்சுன்னு மாரியப்பனே பேட்டியில சொன்னார். அமெரிக்காவோட சாம் குரூ 1.88 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். வித்தியாசம் ரெண்டே ரெண்டு சென்டிமீட்டர். எல்லாரும் பிளேடைப் பத்தியே பேசறாங்க. அந்த இடத்துல குறுக்க வந்தது ஒரு சாக்ஸுங்க. பின்னலாடை. நம்ம தொழில்! அதுக்கு அப்புறம் வர்றேன்.

பிளேடு மேல வந்த பெரிய வழக்கு தென்னாப்பிரிக்காவோட ஆஸ்கர் பிஸ்டோரியஸ் வழக்கு. அவருக்கு ரெண்டு காலும் முழங்காலுக்குக் கீழ கிடையாது. 2008 ஜனவரியில, "பிளேடு இவருக்குக் கூடுதல் லாபம் குடுக்குது"ன்னு சொல்லி மத்தவங்களோட ஓடக் கூடாதுன்னு தடை போட்டாங்க. மே மாசம் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்குச்சு. 2012 லண்டன் ஒலிம்பிக்ல ரெண்டு காலும் இருக்கறவங்களோடயே ஓடினார். அதே வருஷம் பாராலிம்பிக் 200 மீட்டர்ல பிரேசில் பையன் ஆலன் ஒலிவெய்ரா அவரை முந்தினப்ப, "அவன் பிளேடு ரொம்ப நீளம்"னு பிஸ்டோரியஸே புகார் சொன்னார்! பின்னால அவர் பெரிய குத்தத்துல ஜெயிலுக்குப் போனது தனிக்கதை. ஆனா அந்த வாதம் நின்னுச்சு. ரெண்டு காலும் இல்லாதவங்க எவ்வளவு உயரத்துக்குப் பிளேடு போட்டுக்கலாம்ங்கறதுக்கு இப்ப உடம்பு அளவெடுத்துக் கணக்குப் போட்டு ஒரு வரம்பு வெச்சிருக்காங்க. அந்த வரம்புதான் புல்லி பெருசாகாம பாத்துக்கறது.

கருவியை மட்டும் அளந்தா போதாது, ஆளையும் அளக்கணும். இதுக்குப் பேர் வகைப்பாடு. எவ்வளவு இயலாமைன்னு மருத்துவரும் பயிற்சி தெரிஞ்சவங்களும் சோதிச்சு, ஒரே மாதிரி இருக்கறவங்களை ஒரே பிரிவுல போடறாங்க. ஒரு உதாரணம் சொல்றேன். தீபா மாலிக்னு ஒரு அம்மா. ரெண்டு பெண் குழந்தைங்களுக்குத் தாய். முதுகுத்தண்டுல கட்டி வந்து நெஞ்சுக்குக் கீழ செயலிழந்தவங்க. 2016 ரியோவுல உக்காந்த நிலையில குண்டு எறிஞ்சு வெள்ளி வாங்கினாங்க. பாராலிம்பிக்ல பதக்கம் வாங்கின முதல் இந்தியப் பெண் அவங்கதான். அப்ப அவங்களுக்கு 45 வயசு. எறிஞ்ச தூரம் 4.61 மீட்டர். 2024 பாரிஸ்ல நாகாலாந்துக்காரர் ஹொகாட்டோ சேமா, கண்ணிவெடியில காலை இழந்த ராணுவ வீரர், அவரும் உக்காந்துதான் எறிஞ்சார். 14.65 மீட்டர். அவருக்குக் கிடைச்சது வெண்கலம். நாலரை மீட்டருக்கு வெள்ளி, பதினாலரை மீட்டருக்கு வெண்கலமான்னு கேட்டா, ஆமாங்க. ஆண் பெண்ங்கற வித்தியாசம் ஒரு பக்கம். அவருக்கு இடுப்பு, வயித்துத் தசை எல்லாம் வேலை செய்யும். தீபா அம்மாவுக்கு நெஞ்சுக்குக் கீழ எதுவுமே வேலை செய்யாது. ரெண்டு பேரையும் ஒரே கோட்டுல வெச்சா அது போட்டியே இல்லை.

இந்தச் சோதனை சும்மா பேருக்கு நடக்கறதில்லை. டோக்கியோவுல அரியானாக்காரர் வினோத் குமார் வட்டு எறிஞ்சு வெண்கலம் வாங்கினார். மறுபடி பாத்தப்ப அந்தப் பிரிவுக்கு அவர் பொருந்தலைன்னு முடிவாச்சு. பதக்கம் போயிருச்சு. நம்ம நாட்டுப் பதக்கம் போச்சேன்னு வருத்தமா இருந்தாலும், அதே பிரிவுல இருக்கற இன்னொருத்தருக்கு அதுதானே நியாயம்.

சக்கர நாற்காலி கூடைப்பந்துல இன்னும் அழகா ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. ஒவ்வொரு ஆளுக்கும் 1-ல இருந்து 4.5 வரைக்கும் புள்ளி. ரொம்ப முடியாதவங்களுக்கு 1, ஓரளவு முடிஞ்சவங்களுக்கு 4.5. களத்துல இருக்கற அஞ்சு பேர் புள்ளியையும் கூட்டினா 14-ஐத் தாண்டக் கூடாது. அதனால பலமான அஞ்சு பேரை மட்டும் இறக்கி ஜெயிக்க முடியாது. ரொம்ப முடியாதவங்களும் அணிக்குத் தேவைப்படுவாங்க. நம்ம குழுவுலயும் வசதியானவங்களை மட்டும் சேர்த்துக்கக் கூடாதுங்கறதுக்கு ஒரு விதி இருக்குதே, அந்த மாதிரி.

பார்வை முழுசா இல்லாதவங்க ஓட்டத்துல எல்லாருமே கண்ணைக் கட்டிக்கணும். லேசா வெளிச்சம் தெரியறவங்களுக்குக் கூடுதல் லாபம் வந்துடக் கூடாதுன்னுதான். வழிகாட்டி ஒருத்தர் கையில கயிறு கட்டிக் கூடவே ஓடுவார். ஆனா கோட்டை ஓடறவங்கதான் முதல்ல தொடணும், வழிகாட்டி முந்தக் கூடாது. கூட வா, ஆனா இழுத்துட்டுப் போகாதே. உதவிங்கறதுக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை.

இதெல்லாம் மேல நடக்கற கதை. இனி நம்ம ஊர்க் கதை.

எங்க நாத்தனார் மக, பன்னெண்டாவது படிக்கறா. பிறவியிலயே முதுகுத்தண்டுல குறை, இடுப்புக்குக் கீழ பலம் கிடையாது. ஆனா கையில நல்ல வலு. உக்காந்த வாக்குல துணி துவைச்சு, தண்ணி இறைச்சு வளர்ந்த கை. குண்டு எறியணும்னு ஆசைப்பட்டா. ஒரு போட்டிக்குக் கூட்டிட்டுப் போனோம். அங்க உக்காந்து எறியறவங்களுக்குன்னு நாற்காலி எதுவும் இல்லை. சாதாரண பிளாஸ்டிக் சேரைப் போட்டாங்க. ரெண்டு பேர் காலைப் புடிச்சுக்கிட்டாங்க. அவ எறியறப்ப சேர் சாஞ்சு, குண்டு பக்கவாட்டுல போய் விழுந்துச்சு. ஆள் குறைவா இருக்குன்னு, விரல் மட்டும் பாதிச்சு நின்னுக்கிட்டு எறியற பிள்ளைங்களோட அவளையும் சேர்த்துட்டாங்க. கடைசி இடம். வர்ற வழியில பஸ்ல சொல்றா, "தோத்ததுக்கு வருத்தமில்லை அத்தை. சேர்தானே தோத்துச்சு? எதுக்கு எம் பேரை எழுதறாங்க?"

எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியலை. அதுக்கப்புறம்தான் தேட ஆரம்பிச்சேன். உக்காந்து எறியறதுக்குன்னு ஒரு இரும்புச் சட்டம் இருக்கு. அதுக்கும் உலக விதி இருக்கு. உக்கார்ற இடத்தோட உயரம், மேல போடற மெத்தையும் சேர்த்து, 75 சென்டிமீட்டருக்கு மேல போகக் கூடாது. எறியாத கையால புடிச்சுக்க ஒரு கம்பி வெச்சுக்கலாம். ஆனா அது நேரா இருக்கணும், வளைஞ்சோ ஸ்பிரிங் வெச்சோ இருக்கக் கூடாது. சட்டத்துல எந்தப் பாகமும் ஆடக் கூடாது. தரையோட இறுக்கிக் கட்டணும். எறியறப்ப ஆள் எழும்பக் கூடாது. பாத்தீங்களா, மிதி இருக்கலாம், புல்லி கூடாது. அதே கணக்கு.

நம்ம ஊர் வெல்டிங் பட்டறையில போய் அந்த அளவைக் காட்டினோம். "இவ்வளவுதானுங்களா? சதுரப் பைப்புல பண்ணிக்கலாம்"னார் அந்த அண்ணன். பைப்பு, கூலி, பெயிண்ட் எல்லாம் சேர்த்து 6,500 ரூபா. கட்டறதுக்குப் பெல்ட்டும் மெத்தையும் நாங்களே தைச்சோம்.

அந்தப் பணத்துக்கு எங்க குழுவுல கடன் கேட்டோம். கூட்டத்துல ஒரு அக்கா கேட்டாங்க, "மாடு வாங்கினா பால் வரும், மிஷின் வாங்கினா கூலி வரும். இதுல என்ன வரும்?" தப்பான கேள்வி இல்லைங்க. எல்லாரோட சேமிப்பும் அதுல இருக்கு. அதுக்கு இன்னொரு அக்கா பதில் சொன்னாங்க. "என் மக சீருக்குக் கடன் குடுத்தீங்க. அதுல என்ன வந்துச்சு?" கூட்டமே சிரிச்சிருச்சு. அப்புறம் தீர்மானம் போட்டு, நூத்துக்கு ஒரு ரூபா வட்டியில, பத்து மாசத் தவணையில கடன் குடுத்தாங்க. அவங்க அம்மா செக்கிங் வேலைக்குப் போய் ஒரு தவணை தவறாம கட்டி முடிச்சுட்டாங்க. இப்ப அந்தச் சட்டத்துல எங்க பிள்ளையோட இன்னும் ரெண்டு பேர் பழகறாங்க.

இதுல இருந்து எனக்குப் புரிஞ்சது ஒண்ணுதான். அதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன். பெரிய பெரிய மைதானத்துல, "இந்தக் கருவி அளவுக்கு மேல உதவுதா?"ன்னு வாதம் பண்றாங்க. பண்ணட்டும், அது தேவைதான். ஆனா கருவி கையில இருக்கறவங்களுக்கு மட்டும்தான் அந்த வாதம். ஓடற பிளேடும் பந்தயச் சக்கர நாற்காலியும் லட்சக்கணக்குல விலை. நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்குப் போட்டி கோட்டுல ஆரம்பிக்கறதில்லை, அதுக்கு ரொம்ப முன்னாடியே முடிஞ்சு போயிருது. கருவியில லாபமா நட்டமான்னு கேக்கறதுக்கு முன்னாடி, கருவி யாருக்குக் கிடைச்சுது யாருக்குக் கிடைக்கலைன்னு கேக்கறதுதான் நம்ம நியாயம்.

கிடைக்கவே கிடைக்காதுன்னும் சொல்ல வரலை. 1968-ல ஜெய்ப்பூர்ல ராம் சந்திர சர்மாங்கற கைவினைஞரும் டாக்டர் சேத்தியும் சேர்ந்து ரப்பர்ல ஒரு கால் செஞ்சாங்க. அதுதான் ஜெய்ப்பூர் கால். அதைப் போட்டுட்டு வெறுங்காலோட நடக்கலாம், குந்தி உக்காரலாம், வயல்ல இறங்கலாம். வெளிநாட்டுக் கால் ஷூ போடறவங்களுக்காகச் செஞ்சது. இது நம்ம ஆளுங்க வாழற விதத்தைப் பாத்துச் செஞ்சது. இப்ப சென்னை ஐஐடியில ஆளோட அளவுக்கு ஏத்த சக்கர நாற்காலி, அதுல மாட்டிட்டு ரோட்டுல போற மோட்டார் எல்லாம் செஞ்சிருக்காங்க. காஷ்மீர் பக்கத்துப் பொண்ணு சீத்தல் தேவி, பிறவியிலயே ரெண்டு கையும் இல்லை. வில்லைக் காலால புடிச்சு, தோளுல மாட்டின சின்னக் கருவியால நாணை இழுத்து அம்பு விடறா. 17 வயசுல பாரிஸ்ல வெண்கலம். பெரிய மிஷினே வேணும்னு இல்லைங்க. ஆளைப் பாத்து யோசிக்கற மனசு வேணும்.

அந்த யோசனை நம்ம ஊருக்கு வராதா? சாக்ஸ் விஷயத்துக்கு வர்றேன்னு சொன்னேனே. பருத்தி தண்ணியைக் குடிச்சு ஊறும். பாலியஸ்டர் சீக்கிரம் காயும். இது நமக்குப் புதுசா யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நாள் பூரா சக்கர நாற்காலியில உக்கார்றவங்களுக்கு பேன்ட்டுல பின் பாக்கெட்டும் தடிச்ச தையலும் அழுத்தி அழுத்திப் புண்ணாயிரும். தொட்டா தெரியாதவங்களுக்கு அந்தப் புண் வந்ததே தெரியாது, அது பெரிய ஆபத்து. ஓவர்லாக் தையல் தடிக்கும், ஃப்ளாட்லாக் தையல் தட்டையா நிக்கும். பின் பாக்கெட்டை எடுத்துட்டு, முதுகுப் பக்கம் ரெண்டு இஞ்ச் உயர்த்தி, ஃப்ளாட்லாக் போட்டா அதுவே அவங்களுக்கு ஒரு கருவிதான். ஊரெல்லாம் போடற விளையாட்டு டிரஸ் நம்ம கையில தைச்சுப் போகுது. நம்ம சிறப்புக் குழு அக்காவுக்கு நாமே தைச்சுக் குடுக்க முடியாதா? அந்தக் குழுவுல டெய்லர்களே நாலு பேர் இருக்காங்க. அவங்களே தைச்சு விக்கலாம். அதுக்கு மேல யாராவது "இதுல என்ன வரும்?"னு கேட்டா, வருமானமும் வரும்னு சொல்லலாம்.

அரசாங்கப் பக்கமும் ஒரு வார்த்தை. 2016-ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை இயலாமை சொல்லியிருக்கு. அதுல 30-வது பிரிவு விளையாட்டுக்குன்னே இருக்கு. மைதானத்தை அவங்களுக்கு ஏத்த மாதிரி மாத்தணும், விளையாட்டுத் திறமையை வளக்கற தொழில்நுட்பத்தை உருவாக்கணும்னு அதுல எழுதியே இருக்கு. ஆக, கருவி கேக்கறது பிச்சை இல்லை, உரிமை. முதலமைச்சர் கோப்பைப் போட்டியில மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. பரிசுப் பணத்துலயும் நல்ல மாற்றம் வந்திருக்கு. பாரிஸ்ல நம்ம மாநிலத்துக்கு நாலு பதக்கம். அதுல மூணு பெண் பிள்ளைங்க வாங்கினது, மூணும் இறகுப்பந்துல. துளசிமதி வெள்ளி, மனிஷா ராமதாஸ் வெண்கலம், நித்ய ஸ்ரீ சிவன் வெண்கலம். துளசிமதியும் மனிஷாவும் ஒரே பிரிவு. அரையிறுதியில ரெண்டு பேரும் எதிரெதிரா ஆடினாங்க. துளசிமதிக்கு 2 கோடியும், மத்த ரெண்டு பேருக்கும் மாரியப்பனுக்கும் ஆளுக்கு 1 கோடியும் தமிழ்நாடு அரசு குடுத்துச்சு. கோட்டையில நடந்தது நம்ம கூட்டமைப்பு ஹால்லயும் நடக்கணும்.

அதனால இந்தப் பொதுக்குழு முன்னாடி மூணு கோரிக்கை வெக்கறேன்.

முதலாவது, அடுத்த ஆண்டு விழாவுல சிறப்புக் குழு உறுப்பினர்களுக்கும் அவங்க பிள்ளைகளுக்கும் நிஜமான போட்டி வெக்கணும். என்ன போட்டி, யாரை யாரோட சேர்க்கறதுன்னு அவங்களையே உக்கார வெச்சுக் கேட்டு முடிவு பண்ணணும். டேப் புடிச்சு அளந்து, நோட்டுல எழுதி, முதல், ரெண்டு, மூணுன்னு அறிவிக்கணும். தோக்கறவங்க தோக்கட்டும். நாமளும் தோக்கறோமில்ல? பரிசுத் தொகை நமக்கு எவ்வளவோ அவங்களுக்கும் அவ்வளவே. எல்லாருக்கும் ஒரு டிபன் பாக்ஸ்ங்கற பழக்கத்தை விட்டுடலாம்.

ரெண்டாவது, உறுப்பினருக்கோ அவங்க பிள்ளைக்கோ தேவைப்படற கருவிக்கு வாங்கற கடனைத் தொழில் கடன் மாதிரியே எடுத்துக்கணும். கடன் குடுக்கறதுக்கு முன்னாடி, கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல அடையாள அட்டையோட விண்ணப்பம் போட ஊக்குநர் கூடவே போகணும். இலவசமா கிடைக்கறதுக்குக் கடன் வாங்க வேண்டாம். அங்க கிடைக்காததுக்குக் குழு கை குடுக்கட்டும்.

மூணாவது, கூட்டமைப்புக்குச் சொந்தமா ரெண்டு எறியற சட்டமும் அளவெடுக்கற டேப்பும் வாங்கிக் கட்டிடத்துல வெக்கணும். எந்த ஊர் பிள்ளைன்னாலும் எடுத்துட்டுப் போய்ப் பழகட்டும். அளவு என்கிட்ட இருக்கு, பட்டறையும் தெரியும். ஒரு பந்தல், மைக்செட் செலவுக்கு ஆகற பணம்தான் ஆகும்.

"பாவம், அவங்களை எதுக்கு வெயில்ல இழுத்து விடறீங்க"ன்னு சில பேர் நல்ல மனசோட சொல்வாங்க. பாவம்ங்கற வார்த்தையை ஒரு ஓரமா வெச்சுட்டு, அவங்ககிட்ட ஒரு தடவை கேட்டுப் பாருங்க. வெயில்ல நிக்கறதா சுவத்தோரம் உக்கார்றதான்னு அவங்களே சொல்லட்டும்.

இந்த மூணையும் தீர்மானமா எழுதி, நகல் எடுத்துட்டு வந்திருக்கேன். தலைவி அக்கா படிச்சுக் காட்டுவாங்க. சரின்னு படறவங்க கை தூக்குங்க. கை தூக்க முடியாத அக்காங்க வாயில சொன்னா போதும், அதையும் ஒரு ஓட்டா எழுதிக்கணும்னு செயலாளரைக் கேட்டுக்கறேன்.